தோம்பில் ஓர் ஓட்டை

அக்கா மகன் ஷா ஆலமில் மின்னணுவியல் படிக்கிறான். போன சனிக்கிழமை மாலை பிரெட்போர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "மாமா, திங்கட்கிழமை காட்டணும். முக்கோணம் ஓர் இடத்துல நிக்கவே மாட்டேங்குது."

சதுர அலையை முக்கோண அலையாக்கி, அதை வளைத்துச் சைன் அலையாக்க வேண்டும். கணினியில் நாலு வரி எழுதினால் எந்த அலையும் வந்துவிடும். ஆனாலும் ஆப்-ஆம்ப்பில்தான் செய்ய வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டாராம். நல்ல மனிதர்!

என் பழைய ஆசிலோஸ்கோப்பை மாட்டினேன். முக்கோணம் அழகாகத்தான் வந்தது. சில விநாடிகளில் மெல்ல மேலே ஏறி, உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது. சைன் வர வேண்டிய இடத்தில் தட்டைக் கோடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். 1986இல் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். வீட்டில் அப்பா பால்மரம் வெட்டுவதை நிறுத்திய வருடம். என் சம்பளம்தான் எல்லாம். சோதனைக் கருவி ஒன்றில் இதே கோளாறு. 741 சில்லுதான் கெட்டது என்று மூன்றை மாற்றிவிட்டேன். இன்னொன்றை வீணாக்கினால் வீட்டுக்குப் போகலாம் என்றார் மேற்பார்வையாளர்.

பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். மலாயில்தான் பேசுவார். தண்ணீர்த் தோம்பை வைத்து விளக்கினார்.

தண்ணீர் வெட்டு என்றால் நாம் தோம்பு பிடித்து வைப்போம் இல்லையா? குழாய் ஒரே சீராக ஓடினால் மட்டமும் சீராக ஏறும். அதே வேகத்தில் இறைத்தால் சீராக இறங்கும். மின்தேக்கிதான் தோம்பு, சதுர அலை குழாயைத் திறந்தும் இறைத்தும் விளையாடும் கை. ஏறி இறங்கும் மட்டமே முக்கோணம். 10 கிலோ ஓம் மின்தடை, 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. 1,000 ஹெர்ட்ஸில் கூட்டல் கழித்தல் 5 வோல்ட் சதுரம் கொடுத்தால், அடியிலிருந்து நுனி வரை 2.5 வோல்ட் முக்கோணம் கிடைக்கும்.

சிக்கல் சொட்டுக் குழாயில். ஆப்-ஆம்ப்பிடம் சில மில்லிவோல்ட் பிசகு பிறவியிலேயே உண்டு. சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து தோம்பு நிரம்பிவிடும். சில்லை மாற்றினால் சொட்டும் கூடவே வரும்! அடுத்த கட்டத்து டையோடுகளோ, முக்கோணம் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் சமமாக வந்தால்தான் இரண்டு நுனிகளையும் மழுக்கிச் சைன் ஆக்கும்.

"தோம்பில் சின்ன ஓட்டை போடு" என்றார். மின்தேக்கிக்குக் குறுக்கே 1 மெகா ஓம் மின்தடையை அவரே பற்றவைத்தார். மட்டம் ஏற ஏற ஒழுக்கும் கூடும். முக்கோணம் நடுவுக்கு இறங்கி நின்றுவிட்டது.

பழுது அறிக்கையில் என் பெயரை மட்டும் எழுதினேன். வேலை நிரந்தரமானது. பெரியவர் அறிக்கையைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் எனக்குக் கோப்பி வாங்கி வந்தார்.

மருமகனுக்கு இதையும் சேர்த்தே சொன்னேன். மின்தடையைச் செருகினான். திரையில் சைன் வந்தது. நுனி கொஞ்சம் கூர். பரவாயில்லை, டையோடு கூடுதலாகப் போட்டால் சரியாகும்.

"அறிக்கையில நன்றின்னு போடறேன் மாமா. அவர் பேர் என்ன?"

எல்லாரும் 'ஆ பெக்' என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.