லண்டன் டு நீஸ்: ஒரு பயணமும் ஒரு சட்டமும்

லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்திலிருந்து தெற்கு பிரான்ஸின் நீஸ் நகருக்கு இரண்டு மணி நேரப் பயணம்தான். நீஸில் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். இறங்கும்போது ஜன்னல் வழியே நீலக் கடல் மிக அருகில் தெரியும். விடுமுறைக்கு வருபவர்களுக்கு அதுதான் முதல் காட்சி.

2016 ஜூலை 17 அன்று 15 வயது நடாஷா எட்னான்-லபெரூஸ், அப்பாவோடும் தோழியோடும் இந்த வழியில் கிளம்பினாள். விமானம் ஏறும் முன் நிலையத்துக் கடையில் ஒரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு எள் ஒவ்வாது. உறையில் எள் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால், ரொட்டி மாவிலேயே எள் கலந்திருந்தது. கடையிலேயே தயாரித்துப் பொட்டலம் கட்டும் உணவுக்கு, ஒவ்வோர் உறையிலும் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்று அப்போது பிரிட்டனில் கட்டாயம் இல்லை.

நடுவானில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டியது. அப்பா இரண்டு முறை அட்ரினலின் ஊசி போட்டார். உடன் பயணித்த இளம் மருத்துவர் ஒருவரும் உதவிக்கு வந்தார். நீஸ் மருத்துவமனையில் அன்றே அவள் இறந்துபோனாள்.

பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல், கடையிலேயே கட்டிய பொட்டலங்களிலும் எல்லாச் சேர்மானங்களையும் அச்சிட வேண்டும். எள், வேர்க்கடலை, பால், முட்டை உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்களைத் தனியாகத் தெரியும்படி காட்ட வேண்டும் என்பது சட்டமானது. 'நடாஷா சட்டம்' என்றே அதற்குப் பெயர். இன்று ஹீத்ரூவில் சாண்ட்விச் வாங்குபவர்கள் அந்தச் சிறிய எழுத்துகளைப் படிக்க முடிகிறது.

எல்லா நாட்டிலும் இப்படி உறையை நம்ப முடியாது. நம் வீட்டு இட்லிப் பொடியில்கூட எள் உண்டு. அதனால் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. இருக்கை மேசையையும் கைப்பிடியையும் துடைத்துவிட்டு உட்கார வேண்டும்.

அட்ரினலின் பேனா ஊசி இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி, இரண்டு ஊசிகளும் அவருடைய கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சரக்குப் பெட்டியில் அல்ல, தலைக்கு மேல் உள்ள அலமாரியிலும் அல்ல; கை எட்டும் பையில் இருக்க வேண்டும். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் வெளித்தொடையில் போட்டு, உடனே பணிப்பெண்ணை அழைக்க வேண்டும். அந்தப் பை எங்கே இருக்கிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்திருக்கட்டும்.