தந்தையார் கேட்ட பாடல்கள்

சங்க இலக்கியமும் சமய இலக்கியமும் ஆராயப்படும் இம்மலரில் ஒரு சினிமாப் படத்தின் பாடல்களைப் பற்றி எழுதுதல் தகுமோ எனச் சிலர் எண்ணக்கூடும். நானும் எண்ணினேன். எனினும், இசை இன்னதென்று என் செவிக்கு முதலில் உணர்த்தியவை 1964ஆம் ஆண்டு வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் பாடல்களேயாதலால், அவற்றை மறைத்துவிட்டு இசையைப் பற்றி நான் எதனை எழுதினும் அது நேர்மையாகாது.

அப்படம் வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. பாடல்கள் என் தந்தையாருக்குரியவை. ஊர்காவற்றுறையிற் பிறந்த அவர், குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே ஓடிய மோட்டார்ப் படகொன்றில் இயந்திரம் பார்த்தவர். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் மயில்வாகனனின் குரலுக்குக் காத்திருந்த தலைமுறை அவருடையது. கலியாண வீட்டார் பனையிற் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து எழும் பாட்டு, காற்று வாய்த்தால், கடற்கோட்டையைத் தாண்டிக் காரைநகர்க் கரைவரை கேட்கும் என்பார். வீட்டில் அவர் பாடியதில்லை. படகில் மட்டும் பாடுவார். இயந்திர இரைச்சலில் தம் குரல் எவருக்கும் கேளாது என்பது அவர் நம்பிக்கை. நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் சென்ற அடியார்களில் எத்தனை பேர் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கினரோ அறியேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அடுத்த ஆண்டு நாங்கள் வள்ளமேறித் தீவை விட்டு வந்து, வலிகாமத்தில் உறவினர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். கொண்டுவந்த சிலவற்றுள் அப்பாடல்கள் பதிந்த ஒலிநாடா ஒன்றும் இருந்தது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மின்கலங்களும் வருவதில்லை. குடாநாடெங்கும் செய்ததையே நாங்களும் செய்தோம். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, விளக்குக்குரிய டைனமோவின் மின்னை ஒலிப்பதிவுப் பெட்டிக்குக் கொடுத்தோம். நான்கு மின்கலங்களின் 6 வோல்ற்றை அது ஒருவாறு ஈடுசெய்தது. சுழற்றும் பணி பன்னிரண்டு வயதினனாகிய எனக்கு வாய்த்தது. மாலைக்கு ஒரு பக்கம், அவ்வளவே.

எனவே இப்பாடல்களை நான் செவியால் மட்டுமன்றித் தோளாலும் அறிவேன். ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ தொடங்கினால் கை தானே விரையும். மேனாட்டுத் துள்ளல் ஆட்டத்தின் தாளம் அது. மென்மைக்குப் பேர்போன பி. பி. ஸ்ரீநிவாஸ் அதிற் குறும்புக்காரனாகிவிடுகிறார். தோட்ட முதலாளியாக வரும் பாலையாவின் பெயரும், ராமமூர்த்தியோடு சேர்ந்து இப்படத்துக்கு இசையமைத்தவரின் பெயரும் ஒன்றாயிருப்பது கேட்போருக்கு மேலுமொரு வேடிக்கை. இத்தகைய மெட்டுகளை வெறும் மேனாட்டுப் போலி என ஒதுக்குவோர் உளர். நான் உடன்படேன். தாளம் எங்கிருந்து வந்ததாயினும், கண்ணதாசனின் சொற்கள் தெருவில் நின்று வழக்குரைக்கும் தமிழனின் மூச்சளவிலேயே அமைந்துள்ளன. பின்னாளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் துள்ளிசை பாடியபோது நம்மவர் செவி திடுக்குறாமைக்கு இத்தகைய பாடல்களும் ஒரு காரணம் எனலாம்.

ஆனால் அப்பாட்டை நான் மறவாமைக்குக் காரணம் வேறு. வேலையினின்று நீக்கப்பட்ட ஒருவன் முதலாளியின் வீட்டுக்கெதிரே கூடாரமடித்து வேலை கேட்கும் பாட்டு அது. தீவை விட்டபின் தந்தையாருக்குப் படகில்லை, தொழிலில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. நிவாரண அட்டையோடு வரிசையில் நின்று மீளும் அவர், அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அழுகைப் பாட்டு எதுவும் அவரை அவ்வாறு தொட்டதாக எனக்கு நினைவில்லை.

‘அனுபவம் புதுமை’ வேறு வகையிற் கடினமானது. மெக்சிக்க நாட்டுப் பழம் பாடலொன்றின் சாயல் அதிலுண்டு என்பர். இருக்கட்டும். அதன் மெல்லிய நடைக்கு மயங்கிக் கையும் தளர்ந்துவிடும். கை தளர, நாடா தளரும். சுசீலாவின் குரல் தடித்து ஆண்குரலாகும். “தம்பி, சுசீலாவை ஆம்பிளையாக்கிப் போடாதை!” என்று தந்தையார் திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார். யேசுதாஸும் ஈஸ்வரியும் பாடிய ‘என்ன பார்வை’க்கு இத்தொல்லை இல்லை. படத்தின் பெயரையே முதலடியாகக் கொண்ட பாட்டைச் சீர்காழி கோவிந்தராஜன் பாடும்போது, கோயில் வீதியில் முருகனைப் பாடும் குரலா இது என நான் வியந்ததுண்டு. ‘நாளாம் நாளாம்’ இனியதே. எனினும் அதில் எனக்கு அத்துணை ஈடுபாடில்லை. இதற்காக என்னோடு வழக்காடும் நண்பர்கள் இத்துறையிலேயே உளர்.

ஒருநாள் விளையாடச் செல்லும் அவசரத்தில், கை நோகிறதென்று பொய் சொன்னேன். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. படலையைத் தாண்டியவன், எதையோ மறந்து திரும்பி வந்தேன். அவர் தாமே குந்தியிருந்து மிதியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சங்கிலியின் ஓசையும் சில்லில் டைனமோ உரசும் இரைச்சலும் காதருகே இருந்தமையால் பாட்டு அவருக்குச் சரியாகக் கேட்டிராது. அவர் உரத்துப் பாடிக்கொண்டிருந்தார். தீவை விட்டபின் அவர் பாடி நான் கேட்டது அன்றுதான். உள்ளே போகாமல் வேலியோரம் நின்றேன். அன்று விளையாடப் போகவில்லை.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்த ஒலிநாடா தொலைந்தது. தந்தையாரும் இன்றில்லை. பாடல்கள் இப்போது என் கைப்பேசியில், பிசிறின்றி, சரியான வேகத்தில் ஒலிக்கின்றன. ஆயினும் ‘அனுபவம் புதுமை’யில் சுசீலா பாடத் தொடங்குமிடம் வரும்போது, என் வலக்கை மேசைமீது மெல்லச் சுழலத் தொடங்கிவிடுகிறது.