வட்டக் கதவும் எங்க அப்பாவும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, "அண்ணே, எனக்குக் கவிதை வராதுண்ணே" என்றேன். "கவிதை முப்பத்தாறு வந்துருச்சுப்பா. அதுல முப்பத்தஞ்சு காதல் தோல்வி. நீயாவது உருப்படியா ஒண்ணு எழுது" என்றார். உருப்படியா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன பொய்.

முதலாண்டு சேர்ந்தபோது விண்ணப்பத்தில் "தந்தை தொழில்" என்று ஒரு கட்டம் இருந்தது. எங்க அப்பா வரிச்சியூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, மதுரையில் ஒரு கார் பட்டறையில் டிங்கர் வேலை பார்ப்பவர். இடிபட்டு நசுங்கி வரும் காரைத் தட்டி நேராக்குவது அவர் தொழில். அந்தக் கட்டத்தில் நான் "சுயதொழில்" என்று எழுதினேன். கூடப் படிக்கும் நண்பர்கள் கேட்டபோது "ஆட்டோமொபைல் லைன்" என்றேன். ரெண்டும் முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. எங்க தாத்தா மாட்டுவண்டி ஓட்டியவர். அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். தாண்டியவுடன் திரும்பிப் பார்க்கக் கூச்சப்பட்டேன். அதுதான் உண்மை.

இந்த வருடம் செமினார் வந்தது. ஆளுக்கு ஒரு தலைப்பு. எனக்கு விழுந்தது "வாகன உடலமைப்பும் காற்றுத் தடையும்". எங்கள் சார் ஒரு படத்தைக் காட்டி, "இதைப் பத்திப் பேசு, எவனும் தூங்க மாட்டான்" என்றார்.

படத்தைப் பார்த்த எனக்கே தூக்கம் போய்விட்டது. கறுப்பு நிறத்தில் ஒரு கார். நீளம் சுமார் இருபது அடி. முன்பக்கத்து ரேடியேட்டர் கிரில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கூரை வழுக்கிக்கொண்டே வந்து வாலில் முடிகிறது. வால் மேல் மீனுக்கு இருப்பது போல ஒரு துடுப்பு. எல்லாவற்றையும் விட அதிசயம், கதவு வட்டம்! தேர்ச் சக்கரம் மாதிரி முழு வட்டம்!

ரோல்ஸ் ராய்ஸ் பேன்டம் 1 என்பது அதன் பெயர். 1925-ல் செய்தது. அதன் கதையைப் படிக்கப் படிக்க, சினிமாக் கதை தோற்றுவிடும் போல இருந்தது. அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி சேசிஸ், எஞ்சின் மட்டும்தான் செய்து கொடுக்கும். மேலே உடம்பு கட்டுவது தனிப் பட்டறைக்காரர்கள் வேலை. நம் பக்கத்தில் லாரி, பஸ் சேசிஸ் வாங்கிக் கரூருக்குக் கொண்டுபோய் பாடி கட்டுகிறார்களே, அதே முறைதான். இந்தக் காருக்கு முதலில் இங்கிலாந்தின் ஹூப்பர் பட்டறை சாதாரணமான ஒரு பாடி கட்டியது. ஆர்டர் கொடுத்தவர் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து அம்மையார் ஒருவர். ஆனால் வண்டி அவர் கைக்குப் போகவில்லை. வாங்கியவர் யார் தெரியுமா? நம் நாட்டு நான்பாரா ராஜா! உத்தரப் பிரதேசத்தில் பஹ்ரைச் பக்கம் இருக்கிறது நான்பாரா.

பிறகு கார் கை மாறி ஐரோப்பா போனது. 1934-ல் பெல்ஜியம் நாட்டு ஜாங்க்ஹீர் என்ற பட்டறையில் பழைய பாடியைக் கழற்றிவிட்டு, இந்த வட்டக் கதவுப் பாடியைக் கட்டினார்கள். 1936-ல் பிரான்சின் கேன் நகரத்து அழகுக் கார் போட்டியில் பரிசு வாங்கியது. அப்புறம் இறங்குமுகம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே! 1950-களில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் கிட்டத்தட்டக் காயலான் கடைச் சரக்காகக் கிடந்தது. எடுத்த ஒருவர் தங்க நிறம் அடித்து, கட்டணம் வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டினார். கடைசியில் 2001-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பீட்டர்சன் கார் அருங்காட்சியகம் வாங்கி, கறுப்பாக்கிப் புதுப்பித்தது.

எஞ்சின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஆறு சிலிண்டர். போர் நாலே கால் அங்குலம், ஸ்ட்ரோக் ஐந்தரை அங்குலம். நம் ஃபார்முலாவில் போட்டால் சுமார் 7,670 சி.சி. வருகிறது. நாம் லேபில் பிரித்துப் பிரித்து மாட்டும் அம்பாசிடர் எஞ்சின் 1,489 சி.சி. அதாவது ஐந்து அம்பாசிடர் எஞ்சினை விடப் பெரியது இந்த ஒரு எஞ்சின்!

காற்றுத் தடைக்கு வருவோம். வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. அதைத் தாண்ட வேண்டிய பவர் எட்டு மடங்கு. முகத்தைக் கூராக்கினால் போதும் என்று நாம் நினைக்கிறோம். இல்லை, வாலில்தான் விஷயம் இருக்கிறது. விரகனூர் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? புழுதியும் பேப்பரும் பஸ்ஸின் முதுகிலேயே சுழலும். மொட்டையாக முடியும் பின்பக்கத்தில் காற்று ஒட்டி வர முடியாமல் பிரிந்து, அங்கே அழுத்தம் குறைந்துபோகிறது. அந்தக் குறைந்த அழுத்தம்தான் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. நீர்த்துளி மாதிரி வால் மெலிந்துகொண்டே போனால் காற்று ஒட்டியபடியே நழுவிப் போகும். அதே 1934-ல்தான் செக்கோஸ்லோவாகியாவில் டாட்ரா 77, அமெரிக்காவில் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ என்று காற்றுக்கு வளைந்து கொடுக்கும் கார்கள் வந்தன. ஏர்ஃப்ளோவைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் செய்தார்கள். ஆனாலும் ஜனங்களுக்கு அந்த முகம் பிடிக்காமல் விற்பனை படுத்துவிட்டது!

எல்லாம் எழுதியாயிற்று. செமினாருக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டுத் திண்ணையில் படத்தை வைத்துக்கொண்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்தபடி வந்தார். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இருபத்தைந்து வருடம் தகரத்தைத் தட்டிய காது. சத்தமாகப் பேச வேண்டும்.

"என்னப்பா படம்?"

"கார்ப்பா. பழைய காரு."

வாங்கி, விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்:

"தம்பி, கதவு வட்டமா இருக்குதே, கண்ணாடி எப்படி எறங்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சதுரக் கண்ணாடி என்றால் நேராகக் காடிக்குள் இறங்கிவிடும். வட்டக் கதவிலோ நடுவிலிருந்து கீழே போகப் போக இடம் குறுகிக்கொண்டே வரும். அகலமான கண்ணாடி எங்கே போய் ஒளியும்? குறிப்புகளைப் புரட்டினேன். இருந்தது! படித்திருந்தும் மண்டையில் ஏறாத ஒரு வரி. கண்ணாடியை இரண்டு துண்டாகப் பிரித்து, கத்தரிக்கோல் போல இயங்கிக் கதவுக்குள் இறங்கும்படி செய்திருக்கிறார்கள்.

சொன்னேன். அப்பா சிரித்தார். "அதானே பார்த்தேன். கெட்டிக்காரப் பய." பிறகு விரலால் படத்தின் கூரையைத் தடவிக்கொண்டே, "இந்த வளைவு அச்சுல வந்தது இல்ல. கையில தட்டுனது. மணல் மூட்டை மேல வச்சு மரச்சுத்தியில தட்டித் தட்டி எடுத்திருப்பான். தட்டத் தட்டத் தகரம் விரியும் தம்பி. விரிஞ்சதைச் சுருக்கணும்னா காய்ச்சி, சுத்தித் தட்டி, ஈரத்துணி வைக்கணும். கறுப்பு பெயிண்டு வேற. கறுப்புல ஒரு சின்னக் குழி இருந்தாலும் காட்டிக் கொடுத்துரும். பட்டி போட்டு ஏமாத்த முடியாது" என்றார்.

நம் பாடப் புத்தகத்தில் ரெண்டு பக்கம் வருகிற ஷீட் மெட்டல் பாடத்தை அவர் ரெண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

எழுந்து போகும்போது கேட்டார்: "இதைச் செஞ்ச ஆளு பேரு என்ன?"

நான் தேடினேன். ராஜா பேர் இருக்கிறது. கம்பெனி பேர் இருக்கிறது. வரைந்தவன் யார், தட்டியவன் யார் என்று இல்லை. அந்தப் பட்டறையில் தீப்பிடித்து ஆவணங்கள் எரிந்துபோனதாகத்தான் எழுதியிருக்கிறது. அந்த ஜாங்க்ஹீர் பட்டறையும் 1881-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கியது. பின்னாளில் பஸ் பாடி கட்டியே பேர் வாங்கியது. "பேரு தெரியலப்பா, எரிஞ்சு போச்சாம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படுக்கப் போனார். நான்தான் தூங்கவில்லை.

மறுநாள் செமினார். எல்லாம் சொன்னேன். வட்டக் கதவின் கண்ணாடிக்கு வந்தபோது போர்டில் வட்டம் போட்டு, "இது எப்படி இறங்கும், சொல்லுங்க பார்ப்போம்" என்று வகுப்பைக் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. விளக்கியதும் கைதட்டினார்கள். சார் எழுந்து, "நல்ல கேள்வி. உனக்கா தோணுச்சு?" என்றார்.

'ஆமாம் சார்' என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. தொண்டை வரை வந்துவிட்டது. சுண்ணாம்புக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றேன். அந்தப் பேர் தெரியாத பெல்ஜியம்காரன் நினைவு வந்தான். அவன் பேரைத் தீ எரித்தது. எங்க அப்பா பேரை நானே அல்லவா எரித்துக்கொண்டிருக்கிறேன்!

"இல்ல சார். எங்க அப்பா கேட்டது. அவர் டிங்கர் சார். தகரம் தட்டுறவர்" என்றேன்.

பின் பெஞ்சில் யாரோ லேசாகச் சிரித்தது கேட்டது. பரவாயில்லை. சார் சிரிக்கவில்லை. "ஒரு நாள் அவரைக் கூட்டிட்டு வா. ஒர்க்‌ஷாப்ல நம்ம பசங்களுக்குத் தட்டிக் காட்டட்டும்" என்றார். வீட்டில் சொன்னேன். "காலேஜுக்கு நானா? போடா. லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் யாரு தருவா?" என்றார் அப்பா. இதுவரை வரவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம், "வாத்தியாரு என்னைக் கூப்பிட்டாராம்ல" என்று இரண்டு தடவை சொன்னது என் காதில் விழுந்தது.

தோழர்களே! 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி-பழனி ரோட்டில் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தே கற்றவர். பின்னாளில் கோவையில் தொழிற்கல்லூரி வரக் காரணமாக இருந்தார். கையும் படிப்பும் வேறு வேறு ஜாதி இல்லை என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டுமா? நம்மில் எத்தனையோ பேர் கொத்தனார் வீட்டிலிருந்தும், லேத் பட்டறையிலிருந்தும், வயக்காட்டிலிருந்தும் வந்திருக்கிறோம். நாம் டிராயிங் ஷீட்டில் போடும் கோட்டை ஒருவர் இரும்பில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் நம் வீட்டிலேயே இருக்கக் கூடும். ஒரு நாள் உங்கள் பாடப் புத்தகத்தை அவரிடம் காட்டிப் பாருங்கள்.

போன மாதம் உதவித்தொகை விண்ணப்பம் கொடுத்தார்கள். அதிலும் "தந்தை தொழில்" கட்டம் இருந்தது. இந்தத் தடவை "டிங்கர்" என்று எழுதினேன். கட்டம் சின்னதுதான். ஆனாலும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.