வடக்குத் தாய்லாந்துக்கு எந்த மாதம் போகலாம்?

தாய்லாந்து போய்வந்தேன் என்று சொன்னால் ஊரில் ஒரு மாதிரியாகச் சிரிக்கிறார்கள். கடற்கரை, கேளிக்கை விடுதி என்று சினிமாவில் பார்த்ததுதான் அவர்கள் கண்முன் வருகிறது. நான் போனது பாங்காக்கிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் வடக்கே, சியாங் மாய் பக்கம். சுற்றிலும் மலை, நடுவில் ஆறு, ஆற்றின் இரு கரையிலும் நெல். தங்கை மகன் அங்கே வேலையில் இருப்பதால் அவன் செலவில் மூன்று முறை போக வாய்த்தது. சிரித்தவர்களே பிறகு தனியாக வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?"

சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் நவம்பர் என்பார்கள். நான் ஜூன் என்பேன். மழை உண்டு, சேறு உண்டு. ஆனாலும் விவசாயி பார்க்கவேண்டியது ஜூன்தான்.

அந்த ஊர் நெல் வேலை இப்படி: மழை பிடித்ததும் நாற்று, ஜூலை வாக்கில் நடவு, நவம்பர், டிசம்பரில் அறுவடை. பெரும்பாலும் ஒட்டரிசி. ஊறவைத்து, ஆவியில் அவித்து, கையால் உருட்டிச் சாப்பிடுகிறார்கள். நடவுக்குத் தண்ணீர் வருவது 'மூவாங் ஃபாய்' என்ற ஏற்பாட்டில். மூவாங் என்றால் வாய்க்கால், ஃபாய் என்றால் ஆற்றின் குறுக்கே கட்டும் தடுப்பு. மூங்கில், மர முளைகளை அடித்து, இடையில் கல்லும் தழையும் திணித்துக் கட்டுவார்கள். நம் பக்கம் கொறம்பு போடுவார்களே, அதேதான். வெள்ளம் வந்தால் கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும். ஆண்டுதோறும் ஊரே கூடி மறுபடி கட்டவேண்டும். எத்தனை நிலமோ அத்தனை முளை, அத்தனை ஆள். வராதவர் அபராதம் கட்டவேண்டும். தண்ணீரைப் பங்கிடக் காடி வெட்டிய மரக்கட்டையை வாய்க்கால் குறுக்கே வைக்கிறார்கள், நிலத்துக்கேற்ற அகலம். 1296-ல் சியாங் மாயை நிறுவிய மங்ராய் அரசர் பெயரில் வழங்கும் பழைய சட்டத்தில் வாய்க்கால் தண்ணீர் திருட்டுக்குத் தண்டனை இருக்கிறது. தண்ணீர்ச் சண்டை எல்லா ஊருக்கும் பொதுதான்.

நடவுக்கு முன் அந்த அணைக்குக் காவலாக இருக்கும் ஆவிக்குப் படையல் போடுகிறார்கள். நான் பார்த்தது சியாங் மாயிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் சின்னக் கிராமம். ஆற்றோரம் மூங்கிலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மேடை. அதில் அவித்த கோழி, ஒட்டரிசி, பூ, ஊதுபத்தி, சாராயம். மேளமோ மைக் செட்டோ இல்லை. அணைத் தலைவரான பெரியவர் குந்தி உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் ஆவியிடம் பேசினார். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம். ஆவி சாப்பிட்டு முடிக்க அவ்வளவு நேரமாம். பிறகு கோழியின் தாடை எலும்பைப் பிரித்தெடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இந்த வருடத் தண்ணீர் எப்படி என்று குறி பார்த்தார்கள். அப்புறம்தான் சாப்பாடு.

எனக்குப் பிடித்தது சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. ஒரு நோட்டைத் திறந்து, சென்ற வருடம் யார் எத்தனை நாள் அணை வேலைக்கு வந்தார்கள், யார் பாக்கி என்று சத்தமாக வாசித்தார்கள். பாக்கிக்காரர் தலையைச் சொறிந்தார், மற்றவர்கள் கேலி செய்தார்கள், அவர் பணத்தை எடுத்து வைத்தார். சாமி சாட்சியாகக் கணக்குத் தீர்ப்பதுதான் அங்கே திருவிழா.

இது இன்னும் எத்தனை வருடம் நடக்கும் என்பது சந்தேகம். பல இடங்களில் அரசு கான்கிரீட் அணை கட்டிவிட்டது. கான்கிரீட்டுக்கு வருடாவருடம் முளை அடிக்க வேண்டாம். முளை வேண்டாம் என்றால் ஆள் வேண்டாம், நோட்டும் வேண்டாம். சியாங் மாய், லம்பூன் பக்கம் நெல்வயல் பலவும் லாம் யாய் தோப்பாகிவிட்டது. லிச்சி மாதிரி பழம், பணம் தரும் பயிர். பெரியவரின் இரண்டு மகன்களும் பாங்காக்கில் இருக்கிறார்கள். "அடுத்து யார் தலைவர்?" என்று மருமகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் ஆற்றைக் காட்டிச் சிரித்தார். "தெரியலைங்கிறார் மாமா" என்றான். குடிமராமத்தை எப்படி விட்டோம் என்று தெரிந்த நமக்கு அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அதே மழைத் தொடக்கத்தில், மே ஜூன் வாக்கில், சியாங் மாய் நகரத்துக்குள்ளும் ஒரு விழா உண்டு. வாட் செடி லுவாங் கோயிலில் இந்தக்கின் என்ற நகரத் தூணுக்குப் பல நாள் பூ வைத்து வணங்குகிறார்கள். மழை தருவதாக நம்பும் புத்தர் சிலை ஊர்வலமாக வருகிறது. வழிநெடுக வெள்ளிக் கிண்ணங்கள், எல்லோர் கையிலும் பூ. தூண் இருக்கும் மண்டபத்துக்குள் பெண்கள் போகக்கூடாது. குடும்பத்தோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

உழவு முடிந்ததும் எருமைக்கு ஒரு சடங்கு இருக்கிறது. உழைப்பில் மிரண்டு விலகிப்போன அதன் உயிரைத் திரும்ப அழைத்து, கொம்பில் நூல் கட்டி, பூ வைத்து, அடித்ததற்கும் வைததற்கும் மன்னிப்புக் கேட்பார்கள். மாட்டுப் பொங்கலில் நாம் மாட்டைக் கொண்டாடுகிறோம், ஆனால் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இப்போது உழவு பெரும்பாலும் பவர் டில்லரில். அதற்கு அங்கே 'இரும்பு எருமை' என்று பெயர்.

ஏப்ரல் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். நம் சித்திரை ஒன்றையொட்டி அவர்களுக்கும் புத்தாண்டு. சொங்க்ரான் என்ற பெயரே சங்கராந்திதான். 2023-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. நகரத்தில் அகழியோரம் வாளியும் துப்பாக்கியுமாகத் தண்ணீர் அடிப்பதைத்தான் டிவியில் காட்டுவார்கள். ஒரு மணி நேரம் பார்த்தால் போதும், பிறகு கோயில் பக்கம் போங்கள். மக்கள் ஆற்றுமணல் சுமந்து வந்து கோயில் முற்றத்தில் சிறு கோபுரமாகக் குவிக்கிறார்கள். வருடம் முழுக்கக் கால்பட்டு வெளியே போன மண்ணைத் திருப்பித் தருகிறார்களாம். 15-ம் தேதி வீட்டுப் பெரியவர்களிடம் வாசனைத் தண்ணீர் கொடுத்து ஆசி வாங்குகிறார்கள். அதில் 'சோம் போய்' என்று ஒரு காய் போடுகிறார்கள். கையில் வாங்கி முகர்ந்தேன். நம் சீகைக்காய்! மறுநாள் வீட்டுக்கு வீடு பலாப்பிஞ்சுக் குழம்பு. பலாவின் பெயரில் 'தாங்கிப் பிடிப்பது' என்ற பொருள் தொனிப்பதால், வருடம் முழுக்க யாராவது துணை நிற்பார்கள் என்று நம்பிக்கை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே புகை. காட்டுத் தீயும், மலைச்சரிவில் தீவனத்துக்குப் போடும் மக்காச்சோளத் தட்டை எரிப்பதும் சேர்ந்து சமவெளியை மூடிவிடும். எதிர்மலை தெரியாது, தொண்டை எரியும். அரசு எரிக்கத் தடை போடுகிறது. சரிவில் இயந்திரம் ஏறாது, கூலி கட்டாது என்று விவசாயி எரிக்கிறார். நகரத்துக்காரர் விவசாயியைத் திட்டுகிறார், சோளத்தை வாங்கும் தீவனக் கம்பெனியை அவ்வளவாகத் திட்டுவதில்லை. ஆஸ்துமா இருப்பவர்கள், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் ஏப்ரலைத் தவிர்த்துவிடுங்கள்.

நவம்பர் பௌர்ணமியில் லோய் க்ரதோங்கும், வடக்கத்தியரின் ஈ பெங்கும் சேர்ந்து வருகின்றன. வாழைத்தண்டு வில்லையில் இலை மடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து ஆற்றில் விடுகிறார்கள். நீர்த்தாய்க்கு நன்றியும், அழுக்காக்கியதற்கு மன்னிப்பும். அந்தத் தாயின் பெயர் 'கோங்கா', நம் கங்கைதான். வீடு, கோயில் வாசல்களில் வாழைமரம், கரும்பு, தென்னங்கீற்று கட்டி, அகல் ஏற்றுகிறார்கள். கார்த்திகையில் ஊர்த்தெருவில் நடப்பதுபோல் இருக்கும். வானத்தில் ஆயிரக்கணக்கில் காகித விளக்கு பறக்கவிடும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கென்று பெரிய மைதானத்தில் ஆயிரக்கணக்கான பாட் கொடுத்துப் போகும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நெல் முற்றி நிற்கிற, வைக்கோல் காய்கிற மாதத்தில் நெருப்போடு மேலே போவது யார் வயலில் இறங்கும் என்றுதான் என் புத்தி போனது. விமானங்களையே அந்த நாட்களில் ரத்து செய்கிறார்கள் அல்லது நேரம் மாற்றுகிறார்கள். விளக்குவிட இடத்துக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அகல்விளக்கைப் பார்க்கக் காசு இல்லை.

நான் பார்க்காமல் விட்டவையும் இருக்கின்றன. செப்டம்பர், அக்டோபரில், பழைய அரிசி தீர்ந்து புது நெல் வராத பஞ்ச நாட்களில், அரிசியும் பண்டமும் மூங்கில் கூடைகளில் கோயிலுக்குப் போகும். எந்தக் கூடை எந்தப் பிக்குவுக்கு என்பது சீட்டில் விழும். ஆகஸ்ட் கடைசியில் அகா மலைமக்கள் நான்கு கம்பம் நட்டு ஊஞ்சல் கட்டுகிறார்கள். ஜனவரியில் புது அரிசியைக் கோயிலுக்குக் கொடுத்து, புத்தருக்குக் குளிருமே என்று விறகு அடுக்கி நெருப்பு மூட்டுகிறார்கள். அடுத்த முறை வாய்த்தால் அதற்குத்தான்.

பல விழாக்கள் நிலாக் கணக்கில் வருவதால் டிக்கெட் எடுக்குமுன் அந்த வருடத் தேதியைப் பாருங்கள். அணைப் படையலுக்குத் தேதி எங்கும் அச்சிடுவதில்லை. உள்ளூரில் தங்கி, சந்தையில் விசாரிக்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ஜே' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். சொல்லாவிட்டால் கீரையிலும் மீன்சாறு விழும். பச்சைமிளகாயைச் சுட்டு இடித்த துவையல் ஒன்று எல்லாச் சந்தையிலும் உண்டு, ஒட்டரிசிக்கு அதுபோல் எதுவும் இல்லை. அதிலும் சிலர் மீன் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.