அக்கா மகளும் ஒக்கினாவாவும்

பேராவில் வளர்ந்தவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் வெறும் ஊர்ப் பெயர் இல்லை. பள்ளியில் எவனாவது கொஞ்சம் கிறுக்குத்தனம் செய்தால், "இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புங்க" என்போம். 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கே இருப்பதுதான் காரணம். இன்று அதற்கு உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியது, கேலி மாறவில்லை.

அதனால் என் அக்கா மகள் உளவியல் படிக்கப் போகிறேன் என்றபோது, "படிச்சு முடிச்சு அங்கதான் வேலையா?" என்றார்கள் வீட்டில். இரண்டாம் ஆண்டில் இன்னொரு குண்டைப் போட்டாள். நீண்ட விடுமுறையில் மூளை ஆய்வுக்கூடம் ஒன்றில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம்.

மேலைநாடுகளில் இது கோடைகால ஆய்வுப் பயிற்சி. (ஈப்போவில் பன்னிரண்டு மாதமும் கோடைதான், அதை விடுங்கள்.) அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளநிலை மாணவர்களுக்கு இதற்காகவே பணம் ஒதுக்குகிறது. ஆனால் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். இந்தியாவில் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து இரண்டு மாதப் பயிற்சி தருகின்றன. நம் பிள்ளைகளுக்கும் கதவுகள் உண்டு. ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் எந்த நாட்டு மாணவரையும் எடுக்கிறது. ஆஸ்திரியாவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. இரண்டிலும் நரம்பியல் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. கைச்செலவுக்குப் பணமும் தருகிறார்கள்.

"அங்க போய் என்னதாம்மா செய்வே?" என்றார் அத்தான்.

தலையில் மின்முனைகள் பொருத்திய தொப்பியை மாட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவார்களாம். கண் சிமிட்டினால் அந்தத் தசை அசைவு மூளை அலையையே மூடிவிடுமாம். பயிற்சி மாணவரின் பாதிப் பொழுது அந்தச் சிமிட்டல்களைப் பதிவிலிருந்து நீக்குவதில் போகும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வானொலியில் நானும் நேர்காணல்களில் மூச்சுச் சத்தத்தை வெட்டித்தானே பிழைக்கிறேன்!

அத்தானுக்கு அது போதவில்லை. விடுமுறை தோறும் அவள் ஈப்போ பேரங்காடியில் காசாளராக நின்று சம்பாதிப்பதுதான் அடுத்த பருவத்தின் அறை வாடகை. பத்து வாரச் சம்பளம் போனால்? நியாயமான கேள்வி. பணம் தராத பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் என்பது என் கருத்து. ஆகவே விண்ணப்பிக்கும் முன் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

பணத்தைவிடப் பெரிய தடை பரிந்துரைக் கடிதம். தோட்டத்துப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு விரிவுரையாளர் அறைக்குப் போய், "உங்கள் ஆய்வில் நானும் உதவட்டுமா?" என்று கேட்பதே அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். இவள் இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை தட்டினாள். ஒரு பருவம் முழுக்கக் கேள்வித்தாள் விடைகளைக் கணினியில் ஏற்றும் வேலை. அதற்குப் பிறகுதான் கடிதம்.

அத்தானை அசைத்தது வேறு. ஒரு நாள் இரவு, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனைப் பற்றிச் சொன்னாள். மருத்துவ மாணவராக இருந்தபோதே 'நேச்சர்' இதழில் எழுதியவர். பின்னாளில் கலிபோர்னியாவில், கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கை வலிப்பதை ஆராய்ந்தார். ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் போன கையின் இடத்தில் தெரியவைத்தார். சிலருக்கு வலி குறைந்தது.

அத்தான் வெகுநேரம் பேசவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய பெரியப்பாவுக்கு ரப்பர் உருட்டும் இயந்திரத்தில் வலது கை போனது. "இல்லாத கை வலிக்குதுன்னு ராத்திரி அழுவாரு. காத்துக்கருப்புன்னு மந்திரிச்சாங்க. அப்புறம் லயத்துல எல்லாரும் பைத்தியம்னுட்டாங்க" என்றார்.

விண்ணப்பம் போய்விட்டது. பதில் வரவில்லை. ஒக்கினாவாவில் குழம்புக்குப் புளி கிடைக்குமா என்று அத்தான் இப்போது என்னிடம் விசாரிக்கிறார்.