உப்பு அளக்கும் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடங்களில் இப்போது திரைகளுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2011-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. 2018-இல் வந்த புதிய பாடப் புத்தகங்களிலோ கட்டம் கட்டமாக ஒரு சித்திரத்தை அச்சிட்டு, கைபேசியை அதன்மேல் காட்டினால் படம் ஓடும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். இவற்றையெல்லாம் பழிப்பது நமது நோக்கமன்று. பட்டணத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் வசதி பட்டிக்காட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். ஆனால் சுற்றுச்சூழல் பாடம் வந்ததும் அந்தத் திரையில் தெரிவது என்ன? வடதுருவத்தில் பனி உருகுகிறது. வெள்ளைக் கரடி ஒன்று பரிதாபமாக நிற்கிறது. நம் பிள்ளை அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறான். அந்தத் தண்ணீர் சென்ற வருஷத்தைக் காட்டிலும் கரிக்கிறதே, ஏன் என்று அவனைக் கேட்பார் யாருமில்லை.

சட்டத்திலும் குறை சொல்வதற்கில்லை. எம். சி. மேத்தா என்னும் வக்கீல் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயமாகப் போதிக்க வேண்டுமென்று 1991 நவம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டார் கட்டளையிட்டார்கள். 2003-இல் அதை மீண்டும் வற்புறுத்தினார்கள். நல்ல உத்தரவுதான். ஆனால் நம் தேசத்தில் உயிருள்ள ஒரு விஷயத்தைக் கொன்றுவிட வேண்டுமானால், அதைப் பரீட்சைப் பாடமாக்கிவிட்டால் போதுமே! "மாசு எத்தனை வகைப்படும்?" என்று கேட்டால், நமது குழந்தைகள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். தெருக்கோடிச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

இவ்விதம் சலித்துப் போயிருந்த நமக்கு, வேதாரணியத்துக்கு அருகே ஒரு கிராமத்தின் சிறு பள்ளிக்கூடத்தைப் பார்க்கும் பாக்கியம் கிட்டியது. வேதாரணியம் என்றதும் நேயர்களுக்கு 1930-ஆம் வருஷம் நினைவுக்கு வரும். ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர் படையுடன் நடந்து சென்று, ஏப்ரல் 30-ஆம் தேதி உப்பு அள்ளிய புண்ணிய பூமி அல்லவா? அன்று உப்பை எடுப்பதற்காகத் தடியடி பட்டார்கள். இன்று அந்தப் பக்கத்துக் குழந்தைகள் அதே உப்பை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

அளக்கும் கருவி பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. தடித்த பேனா போலிருக்கிறது. சில நூறு ரூபாய் விலை. டி.டி.எஸ். மானி என்கிறார்கள். தண்ணீரில் அதன் முனையை நனைத்தால், அதனூடே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதைக் கொண்டு, கரைந்திருக்கும் உப்புக்களின் அளவை எண்ணாகக் காட்டுகிறது. குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நலம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கடல் நீரில் சுமார் 35,000. ஒவ்வொரு மாதமும் பிள்ளைகள் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைப் புட்டியில் கொண்டு வருகிறார்கள். முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்றும் பார்த்து வருகிறார்கள். சோடாப் புட்டியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துச் செய்த மழைமானி ஒன்று கொட்டகைக்கு வெளியே இருக்கிறது. 1 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் என்று சொல்லிக்கொண்டே, தங்கள் பள்ளிக் கூரையில் விழுந்து வீணாய்ப் போன தண்ணீரை ஒரு பொடியன் நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். விடையைக் கேட்டு நாமே சற்றுத் திடுக்கிட்டோம்.

பிறகு டீச்சர் ஒரு கண்ணாடித் தம்ளரில் சாயமிட்ட உப்பு நீரை ஊற்றி, அதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகு வழியாக மெல்ல வடியவிட்டார். இரண்டும் கலக்கவில்லை, கனமான உப்பு நீர் கீழே, நல்ல நீர் மேலே. அந்தக் கடற்கரை மணல்மேடுகளின் அடியிலும் இதே சங்கதிதான். மழை நீர் மணலில் இறங்கி, உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு.

"அப்போ மேலே ஒரு அடி குறைஞ்சா, கீழே நாற்பது அடி உப்பு ஏறுமா, டீச்சர்?" என்றாள் பின்வரிசையிலிருந்த ஒரு சிறுமி.

"ஒரே நாள்ல ஏறாதும்மா. ஆனா ஏறும்."

வகுப்பில் சிறிது நேரம் சத்தமே இல்லை. எந்தத் திரையும் அந்த மௌனத்தை உண்டாக்கியிருக்க முடியாது என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

இது புது யோசனையுமல்ல. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை வகுத்தபோது, கையும் கண்ணும் வேலை செய்யாமல் புத்தி வளராது என்றுதான் வற்புறுத்தினார். 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில் 16 பள்ளிகளில், குழந்தைகளே பரிசோதனை செய்து விஞ்ஞானம் கற்கும் முறையைத் தொடங்கினார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்! அது நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிற்று. 2002-இல் அந்த ராஜ்யத்துச் சர்க்காரே அதை நிறுத்திவிட்டது. நல்ல காரியங்களுக்கு நம் நாட்டில் ஆயுசு குறைவு.

நாகப்பட்டினம் ஜில்லாவில் இது வெறும் பள்ளிக்கூட விவகாரமாகவும் நிற்பதில்லை. கடலோர இறால் பண்ணைகளால் கிணறுகளும் வயல்களும் உவர்ப்பாகின்றன என்று சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் வழக்காடினார். 1996 டிசம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டு அப்பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2005-இல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஒரு சட்டம் இயற்றி, பண்ணைகள் பதிவு பெற்று நடக்க வழிசெய்தது. அந்த வழக்குக்காக நிபுணர்கள் வெளியூரிலிருந்து வந்து தண்ணீரைப் பரிசோதித்தார்கள். ஊர்ப் பள்ளியிலேயே இருபது வருஷத்துக் குறிப்பேடு இருந்திருந்தால், இரு கட்சிக்காரரும் அதன்முன் சற்று அடங்கியே பேசியிருப்பார்கள்!

குறிப்பேட்டில் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'காரணம்'. அதை நிரப்ப டீச்சர் யாரையும் விடுவதில்லை. ஊரின் கீழ்ப்புறத்துக் கிணறுகளில் உப்பு ஏறி வருவது கணக்கில் தெரிகிறது. அது பக்கத்து இறால் குட்டையாலா, ஆழ்குழாய்க் கிணற்றில் ஓயாமல் இறைப்பதாலா, 2018 நவம்பரில் வந்த கஜா புயலோடு உட்புகுந்த கடலாலா என்று இன்னும் நிச்சயமில்லையாம். "தெரியாததை எழுதக் கூடாது; தெரிந்ததை அழிக்கவும் கூடாது" என்பது அவர் விதி.

அழிக்கச் சொல்லியும் ஒருவர் வந்திருக்கிறார். கீழ்ப்புறத்தில் குட்டைகள் வைத்திருக்கும் பெரிய மனிதர். "படிப்புச் சொல்லித் தராம, பிள்ளைங்களைக் கிணறு கிணறா அலைய விடுறீங்களே?" என்று கடிந்துகொண்டாராம். டீச்சர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "ஐயா, உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியும் ஒரு புட்டி கொடுத்தனுப்புங்க; அளந்து எழுதிக்கிறோம்" என்றிருக்கிறார்.

குறிப்பேட்டில் அவருக்கும் ஒரு வரிசை ஒதுக்கியிருப்பதை நாம் பார்த்தோம். நாம் போயிருந்த அன்று வரை அதில் எண் எதுவும் ஏறவில்லை.