ஏரியைக் காணோம் சார்!

மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு தெரு உண்டு. எங்க அத்தை வீடு அதற்குப் பக்கத்துத் தெருவில்தான். சின்ன வயசில் லீவுக்கு வந்தபோது, “லேக் எங்கேப்பா?” என்று அப்பாவைக் கேட்டேன். “பேசாம வா” என்றார். அவருக்கு விடை தெரியாத கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதுதான் விடை.

போன மாதம் அத்தையிடமிருந்து போன். “பிரமோட்டர் ஆபீஸ்லேர்ந்து ஒரு பையன் வந்துட்டுப் போறான்டா. வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்டித் தரானாம். பாதிக்குப் பாதிங்கறான். நீ ஒரு நடை வந்து பாரேன்.”

கிளம்பும்போதே, அப்பா பதில் சொல்லாத அந்த ஏரியையும் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். நுங்கம்பாக்கத்தில் ஆட்டோவை மடக்கினேன்.

“ஏரிக்குப் போகணும்.”

“எந்த ஏரி சார்? போரூரா, செம்பரம்பாக்கமா?”

“நுங்கம்பாக்கம் ஏரி.”

காலங்கார்த்தாலேயே வந்துட்டான்யா என்பது மாதிரி பார்த்தார். பிறகு, “லேக் ஏரியாவா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!” என்றார். இறங்கின இடத்தில் போர்டு: ‘லேக் ஏரியா’. எனக்கு அது கேள்வியாகத்தான் கேட்டது. ஏரியா? எங்கே?

இருந்தது சார், நிஜமாகவே இருந்தது. வெள்ளைக்காரன் அதற்கு ‘லாங் டேங்க்’ என்று பேர் வைத்திருந்தான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நீளமாகப் படுத்துக் கிடந்த ஏரி. துரைமார்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். இன்றைக்கு அதே இடத்தில் வள்ளுவர் கோட்டத்துக் கல் தேர் நிற்கிறது, 1976-லிருந்து. தண்ணீர் இருந்த இடத்தில் தேர். கொஞ்ச தூரத்திலேயே ‘டேங்க் பண்ட் ரோடு’. கரைக்கு ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை.

1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. பட்டணத்தில் ஜனங்களுக்கு இருக்க இடமில்லை. 1923-ல் ஏரியை வடித்துவிட்டு மனை பிரிக்க ஆரம்பித்தார்கள். நீதிக்கட்சி ஆட்சி. அதனால் பேட்டைக்கு சர் பி. தியாகராய செட்டியார் பேர். பூங்காவுக்கு பனகல் ராஜா பேர். ரோடுகளுக்கு உஸ்மான், டாக்டர் நாயர் என்று வரிசையாக. ஒரு கட்சியின் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் பிரித்து தெருத்தெருவாக ஒட்டின மாதிரி இருக்கும். குறை சொல்லவில்லை. பூங்காவை நடுவில் வைத்து, சுற்றிலும் அகலமான ரோடு போட்ட திட்டம் அது. இத்தனை புடவைக்கடை வரும் என்று பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பாண்டி பஜாரில் 2019-ல் போட்ட அகலமான நடைபாதையில் ஆனந்தமாக நடந்தேன். அடியில் ஒரு காலத்து மீன்கள் நீந்திய இடம் என்று நினைத்துக் கொண்டதில் ஒரு கரும்புச் சாறு வண்டியில் இடித்துக் கொண்டேன். “பாத்து வா சார், கீழ என்ன தேடறே?” என்றார் சாறுக்காரர். ஏரியை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

உஸ்மான் ரோட்டைத் தாண்டி, துரைசாமி சப்வேக்குள் இறங்கி ஏறினால் மேற்கு மாம்பலம். மழைக்காலத்தில் இந்தப் பயணம் கிடையாது, சப்வே நிரம்பிவிடும். 2021 நவம்பரில் ஜி.என். செட்டி ரோட்டிலேயே முழங்கால் தண்ணீர். தண்ணீருக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. நூறு வருஷம் ஆனாலும் விலாசம் மறப்பதில்லை.

அத்தை மோர் கொடுத்தாள். கூடத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பெருகி வந்தபோது தண்ணீர் போட்டுவிட்டுப் போன கோடு. இரண்டு தரம் வெள்ளையடித்தும் எட்டிப் பார்க்கிறது. மாமா அப்போது இருந்தார். பீரோ மேல் அத்தையின் கல்யாணப் புடவைகளை ஏற்றி வைத்துவிட்டு, தான் மட்டும் ராத்திரி முழுக்கக் கட்டில் மேல் நின்றிருந்தாராம்.

பிரமோட்டர் ஆபீஸ் பையன் வந்தான். நல்ல பையன். வரைபடத்தை விரித்து, “ஸ்டில்ட் ப்ளஸ் நாலு மாடி, லிஃப்ட், ஜெனரேட்டர். உங்களுக்கு ரெண்டு ஃபிளாட் மேடம். வெள்ளம் வந்தாலும் மேலே ஏறாது” என்றான். எனக்கே ஆசையாக இருந்தது. அத்தைக்கு எழுபத்தெட்டு வயசு. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை.

அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக் கொண்டு வரைபடத்தில் எதையோ தேடினாள்.

“கிணறு எங்கேப்பா?”

“அதை மூடிட்டு அங்கதான் மேடம் ரெண்டு கார் பார்க்கிங் வருது. போர் போட்டுத் தர்றோம்ல!”

“2019-ல இந்தத் தெருவுல அத்தனை போரும் காத்துதான் விட்டுது. ஏரியெல்லாம் வத்தி, லாரிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வரிசை. இந்தக் கிணத்துல மட்டும் அடியில ஒரு முழம் தண்ணி. வீட்டுக்கு ரெண்டு குடம்னு மாமா நோட்டுல எழுதி எழுதிக் கொடுத்தார். யாரையும் இல்லேன்னு அனுப்பல.”

பையன் என்னைப் பார்த்தான். நான் மோரைப் பார்த்தேன்.

“கிணத்தை விட்டுட்டுக் கட்டு. இன்னிக்கே கையெழுத்து போடறேன்.”

“ஒரு பார்க்கிங் போயிடுமே மேடம்...”

“போகட்டும். எனக்கு ஏது கார்?”

எம்.டி.யைக் கேட்டுச் சொல்வதாக வரைபடத்தைச் சுருட்டிக் கொண்டு போனான். நான் கொல்லைப்புறம் போய் எட்டிப் பார்த்தேன். ஆழத்தில், தாம்பாளம் அளவுக்கு வானமும் என் தலையும் தெரிந்தன. முப்பது வருஷமாகத் தேடின ஏரியில் பாக்கி இவ்வளவுதான் போலிருக்கிறது.

மூன்று வாரம் ஆச்சு. நேற்று போன் பண்ணி, “எம்.டி. என்ன சொன்னாராம் அத்தை?” என்றேன்.

“ஒண்ணும் தகவல் இல்லடா. நேத்து ராத்திரி இங்க நல்ல மழை. கார்த்தால பாத்தேன், ரெண்டு உறை ஏறியிருக்கு” என்றாள்.